சட்டையில்லாமல் மலை சுற்றியவர்

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியது. பங்குனிப் பௌர்ணமிக்கு முந்தின நாள், புதன்கிழமை சாயங்காலம். மதிவதனி ஆறு மூடிகளையும் திருகிக் கழற்றினாள். அவள் அப்பா பரசுராமன் டார்ச் அடித்தார். ஒவ்வொரு துளையிலும் புனல் வைத்து, மிதவை பச்சைக் கோட்டுக்கு ஏறும்வரை ஊற்றினாள். நாலாவது துளையில் கொஞ்சம் கூடிவிட்டது.

“வழியுது பாரு.”

“வழியலப்பா. நீ வெளிச்சத்தை ஆட்டாம புடி.”

“எம் பொண்ணு வேலூர்ல ஆபரேசன் மிசினு ரிப்பேர் பண்றா. ஊட்டு பேட்டரிக்குத் தண்ணி ஊத்தத் தெரியல.”

“ஆபரேசன் மிசினுக்கு யாரும் தண்ணி ஊத்த மாட்டாங்கப்பா.”

அவர் சிரித்தார். இடுப்பில் லுங்கி மட்டும் இருந்தது. முப்பத்தொரு வயதில், அப்பாவின் வெறும் மார்பை மதிவதனி பகல் வெளிச்சத்தில் பார்த்தது அந்த வாரம்தான். தட்டையாக இருந்தது. நரைத்த முடி. யார் வீட்டு அப்பாவுக்கும் இருப்பதுபோல. ஆனால் டார்ச் பிடிக்காத இடது கை மார்புக்குக் குறுக்கே மடங்கி, எதையோ அணைத்துப் பிடித்தபடி நின்றது. அந்தக் கையில் ஒன்றும் இல்லை.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு மலை சுற்றக் கிளம்பினார். கேட் சாத்தும் சத்தம் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டது. போனை எப்போதும்போலச் சார்ஜரில் விட்டுப் போயிருந்தார். மத்தியானம்வரை வரவில்லை. கொடியிலும் ஆணியிலும் அலமாரியிலும் இருந்த சட்டைகளை எண்ணினாள். ஒன்பது. அவரிடம் இருந்ததே ஒன்பதுதான்.

ஐம்பத்தெட்டு வயதில், முதல்முறையாக, அவர் சட்டை போடாமல் வீட்டைவிட்டுப் போயிருந்தார்.

பரசுராமன் மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து யூனிட் எழுதுகிறவர். நீளமான பதிவேட்டை மார்போடு அணைத்தபடி வருவார். ஊர் அவரை அப்படித்தான் அறியும். கையடக்க மெஷின் வந்து பதிவேடு ஒழிந்த பிறகும் பழையது ஒன்றை விடாமல் சுமந்தார். அக்னி நட்சத்திர வெயிலிலும் இரண்டு பனியன், அதற்குமேல் இரண்டு அளவு பெரிய சட்டை, அதற்குமேல் ஒரு துண்டு. சந்து குறுகலாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பி நுழைவார். எதிரே யாராவது வந்தால் சுவரைப் பார்த்து நிற்பார். ரொம்பக் கூச்சக்காரர் என்று பேசிக்கொண்டார்கள்.

பதிமூன்று வயதில் அவருக்கு மார்பு வளர ஆரம்பித்தது. அந்த வயதில் பையன்கள் நிறையப் பேருக்கு லேசாக வரும், இரண்டு வருடத்தில் அடங்கிவிடும். அவருக்கு அடங்கவில்லை. கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வைத்த பேரை அவர் கடைசிவரை மகளிடம் சொன்னதில்லை. கிணற்றில் இறங்கியதில்லை, அதனால் நீச்சல் தெரியாது. கபடி ஆடியதில்லை. அக்கா சந்திரம்மாள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மாவின் பழைய பாவாடைத் துணியை இரண்டாக மடித்து, முதுகில் கொக்கி வைத்து, இறுக்கமாக ஒரு உள்சட்டை தைத்தாள். தினமும் காலையில் அவனைச் சுவரோடு நிறுத்தி மாட்டிவிடுவாள். மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் கடைசிக் கொக்கி எட்டும். அவள் கல்யாணமாகி அதே ஊரில் அடுத்த தெருவுக்குப் போனாள். அவன் வேலை கிடைத்துத் திருவண்ணாமலைக்கு வந்தான். பொங்கலுக்குப் பொங்கல் பஸ்ஸில் ஆள்மூலம் இரண்டு உள்சட்டை வந்துகொண்டே இருந்தது. அளவு கேட்டதே இல்லை.

அவர்கள் அப்பா இறந்தபோது, தீச்சட்டி தூக்குகிறவன் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும் என்று பங்காளிகள் நின்றார்கள். சந்திரம்மாள் நடுவில் வந்து, “எந் தம்பிக்குக் காய்ச்சலு. சட்டையோடதான் வெப்பான். வேணாம்னா நான் வெக்கிறேன்” என்றாள். சட்டையோடுதான் கொள்ளி வைத்தார். பங்காளிகள் அதை இருபது வருடம் பேசினார்கள்.

மதிவதனியின் அம்மா சரோஜாவுக்கு எல்லாம் தெரியும். அவள் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. அவளுக்குப் பிறகு அந்த உடம்பை அறிந்தவள் சந்திரம்மாள் ஒருத்திதான். மகளுக்குத் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். ஒரே வீட்டில் இருக்கும் மகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

வேலூரில் அவள் பழுது பார்க்கும் கருவிகளில் ஒன்று, கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. அந்த அறுவை சிகிச்சையை அவள் பலமுறை நின்று பார்த்திருக்கிறாள். அக்குளுக்குக் கீழே நாலு மில்லிமீட்டர் துளை, பக்கத்துக்கு ஒன்று. அதன் வழியே பென்சிலைவிட மெல்லிய உலோகக் குழாய் போகும். முதலில் மருந்து கலந்த உப்புநீர், பிறகு உறிஞ்சல். மிஞ்சும் சுரப்பியையும் அதே துளை வழியே துருவி எடுத்துவிடுவார்கள். மார்பின்மேல் கத்தி படாது. காலையில் போனால் சாயங்காலம் வீடு. வருகிறவர்கள் பெரும்பாலும் இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்கள், கல்யாணம் நிச்சயமானவர்கள்.

ஒருநாள் அதைப் பற்றிய அச்சுத்தாள் ஒன்றை அப்பாவின் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனாள். நாலு நாள் அவர் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“அம்பத்தெட்டு வயசுக்காரனுக்குச் செய்வாங்களா?”

செய்தார்கள். தை மாதக் கடைசியில் செய்தவர் டாக்டர் தேவிப்ரியா. ரத்தம், ஈசிஜி, ஈரல், எல்லாம் சரியாக இருந்தது. அந்த ஈசிஜி தாளை மதிவதனி பின்னால் நாற்பது தடவையாவது எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை.

“தழும்பு தெரியுமாம்மா?” என்று அவர் டாக்டரிடம் கேட்டார்.

“ஆறு மாசம் போனா நீங்களே தேடினாலும் கிடைக்காதுங்க.”

ஊருக்கு வரும் வழியில் காரில் வைத்துச் சொன்னார்: “யாருகிட்டயும் சொல்லக் கூடாது பாப்பா. உங்க அத்தைகிட்டகூட.” அலுவலகத்துக்கும் அக்காவுக்கும் குடலிறக்கம் என்று சொல்லியிருந்தார். மதிவதனி சரி என்றாள்.

ஆறு வாரம் இறுக்கமான பனியன் போட வேண்டும். போட்டார். வீக்கம் வடிந்தது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. “இன்னும் இருக்குற மாதிரியே இருக்கு பாப்பா. மாடிப்படி எறங்கும்போது வெயிட்டு தெரியுது” என்பார். நரம்பு அடங்க மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அலமாரிக் கண்ணாடிமுன் நின்று, “யாருடா நீ?” என்று கேட்டுத் தானே சிரித்துக்கொள்வார். ஒருமுறை சிரிக்காமல் கேட்டார். கதவருகே நின்ற மதிவதனி சத்தமில்லாமல் நகர்ந்து போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் அவருடைய போட்டோவை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் கடை கடையாகக் கேட்டுப் போனாள். சட்டையும் பதிவேடுமாக இருக்கும் போட்டோ. பார்த்தவர்கள் எல்லோரும், “நம்ம ஈபி சாரு. இவரு வரலியே” என்றார்கள். அடி அண்ணாமலை தாண்டி, சுக்குக் காப்பி விற்கும் வேதா மட்டும் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கூடவே இன்னொன்று சொன்னாள்.

“இவரு வரலம்மா. ஆனா நேத்து காலைல ஏழு மணி வாக்குல ஒரு ஆளு வந்தாரு. மேல சட்டையில்ல. காப்பி வாங்கிக் குடிச்சிட்டு, என்னைத் தெரியுதாம்மான்னாரு. தெரியலீங்களேன்னேன். நல்லா பாருங்கன்னாரு. மெய்யாலுமே தெரியலீங்கன்னேன். அப்பிடி ஒரு சந்தோசம் அந்தாளு மூஞ்சில. எனக்குத்தான் திக்குன்னு ஆயிடுச்சி.”

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேதா வீட்டு மீட்டரைப் பார்ப்பவர் பரசுராமன்தான். பதினெட்டு வருடமாக.

அதன்பிறகு மதிவதனி கேள்வியை மாற்றினாள். சட்டையில்லாத ஒருவர், தெரியுதா என்று கேட்டவர். ஐந்து மணிக்குப் பூக்கடையில். ஐந்தே முக்காலுக்குத் தேங்காய்க்கடையில். ஆறே காலுக்கு ஒரு லாட்ஜ் வாட்ச்மேனிடம். ஏழுக்கு வேதாவிடம். நேரத்தையெல்லாம் வரிசையாக நோட்டில் எழுதினாள். எல்லோரும் அவரிடம் மீட்டர் காட்டுகிறவர்கள். எல்லோரும் தெரியவில்லை என்றே சொல்லியிருந்தார்கள். தேங்காய்க்கடைக்காரர் மட்டும் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: “குரல் எங்கியோ கேட்ட மாதிரி இருந்திச்சிம்மா. ஆளைப் பார்த்தா சேரல.”

ஏழு மணிக்குப் பிறகு நோட்டில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை, அடி அண்ணாமலைக்குப் பின்னால் வறண்ட வாய்க்காலில், வேலிமுள் நிழலில் ஒரு உடம்பு கிடப்பதை ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்தார்கள். வேட்டி மட்டும் இருந்தது. இரண்டு நாள் பங்குனி வெயில். முகம் முகமாக இல்லை.

அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் தெருக்காரர்களும் அலுவலகத்து ஆட்களும் வந்து நின்றார்கள். சந்திரம்மாள் மகன் புகழேந்தியோடு வந்தாள். அறுபத்து மூன்று வயது. யார் தடுத்தும் கேட்கவில்லை. உள்ளே போனாள், முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கி மார்பில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“இது இல்ல.”

“அத்தை...”

“இது எந் தம்பி இல்ல. வேற யாரு பெத்த புள்ளையோ. ஆளை மாத்திட்டாங்க.”

புகழேந்தி அவள் தோளைத் தொட்டான். “யம்மா, நீ சித்த உக்காரு.”

“நீ சும்மா இருடா.” அவள் மதிவதனியைக் கையைப் பிடித்து இழுத்து, தூணுக்குப் பின்னால் கொண்டுபோனாள். குரலைத் தணித்தாள். “உனக்குத் தெரியாது கண்ணு. பொட்டப்புள்ளைகிட்ட சொல்ல வேணாம்னு மறைச்சி வெச்சிருந்தான். அவனுக்கு மாரு வேற மாதிரி. பதிமூணு வயசிலேர்ந்து நான்தான் கட்டி அனுப்புவேன். அளவு எடுக்காம இன்னிக்கு வரைக்கும் தைக்கிறேன். எங் கைக்குத் தெரியாதா? உள்ள கெடக்குற ஆளுக்கு ஒண்ணுமே இல்ல. வழிச்சி வெச்ச மாதிரி கெடக்குது.”

மதிவதனி வாயைத் திறந்தாள். ஒரே வாக்கியம் போதும். ஆனால் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். தூணுக்கு அந்தப் பக்கம் பதினைந்து பேர் காது கொடுத்து நின்றார்கள். நாற்பத்தைந்து வருடமாக அப்பா யாருக்கு மறைத்தாரோ அவர்கள். அது மட்டுமில்லை. அத்தையின் கை பொய் சொல்லாது. உள்ளே கிடப்பது அவர்தான் என்பதற்கு இவளிடம்தான் என்ன இருந்தது? ஒரு தட்டையான மார்பு. ஊரில் எல்லா ஆண்களுக்கும் இருப்பது.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். “அந்தம்மா வேற ஆளுன்றாங்க. ரத்த சொந்தத்துல ஒருத்தர் ஒத்துக்கலன்னா நான் எழுத முடியாதும்மா. டிஎன்ஏக்கு அனுப்பணும். மூணு வாரம் ஆவும், ஜாஸ்தியும் ஆவலாம்.”

“அது வரைக்கும்?”

“ஐஸ் பெட்டியிலதான்.”

மதிவதனி வீட்டுக்குப் போய் வேலூர் மருத்துவமனை ஃபைலை எடுத்துவந்தாள். யாருக்கும் தெரியாமல், பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் வளவனிடம் கொடுத்தாள். இளைஞர். படித்துவிட்டு அவளை உள்ளே வரச் சொன்னார். இந்த முறை டார்ச் அவள் கையில். வலது அக்குள், இடது அக்குள். தோல் கொப்புளித்து நிறம் மாறிக் கிடந்தது.

“எவ்வளவு பெரிய தழும்புங்க?”

“நாலு மில்லிமீட்டர்.”

“இந்தத் தோல்ல கெடைக்காதுங்க. ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்க.”

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். தடயமே இருக்கக் கூடாது என்று அவளேதான் தேடித் தேடி அந்த மருத்துவமனையைப் பிடித்தாள்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. சுரப்பியை முழுக்க எடுத்துவிட்டால் காம்பு உள்ளே குழிந்துபோகும். அதனால் காம்புக்கு அடியில் பொத்தான் அளவுக்குக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். கையுறை மாட்டிக்கொண்டு இடதுபக்கம் அழுத்தினாள். ஒன்றும் இல்லை. மெத்தென்று விரல் இறங்கிக்கொண்டே போனது. அந்த ஒரு நொடியில் அவளுக்கும் தோன்றியது, இது வேறு யாரோ, அப்பா எங்கோ நடந்துகொண்டிருக்கிறார் என்று. அந்த நினைப்பு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. வலதுபக்கம் அழுத்தினாள். வேர்க்கடலைப் பருப்பு அளவில், அழுத்தமாக, ஒன்று விரலுக்கு அடியில் நகர்ந்தது.

“இருக்கு சார்.”

“நீங்க வெளிய இருங்க. உள்ள பார்த்தா நிச்சயமா தெரிஞ்சிடும்.”

ஒரு மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “தோலுக்கு அடியில கோடு கோடா ஆறியிருக்குங்க. அக்குள்லேர்ந்து விசிறி மாதிரி, ரெண்டு பக்கமும். சந்தேகமே இல்ல. இதயத்துல அடைப்பு. வியாழக்கிழமையே, மத்தியானத்துக்குள்ள.” பழைய அறுவை சிகிச்சை அடையாளத்தால் ஆள் உறுதி என்று எழுதிக் கொடுத்தார். என்ன ஆபரேசன் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, “ரிப்போர்ட்ல இருக்குங்க, இங்க வேணாம்” என்றார்.

சந்திரம்மாளிடம் டாக்டரே உறுதியாகச் சொல்லிவிட்டார் என்றார்கள்.

“டாக்டருக்கு எந் தம்பியைத் தெரியுமா?”

அவள் கீழ்பென்னாத்தூருக்கே திரும்பிப் போனாள். தலை முழுகவில்லை. தம்பிக்குத் துக்கம் காக்காத அக்கா என்று பெண்கள் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை புகழேந்தி சட்டையைக் கழற்றிவிட்டுத் தீச்சட்டி தூக்கினான். அப்பாவைக் குளிப்பாட்டும்போது ஆண்கள் எல்லோரும் அந்த மார்பைப் பார்த்தார்கள். பரிசோதனைத் தையலைத் தவிர ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை.

எட்டாம் நாள் மதிவதனியின் ஸ்கூட்டர் பஞ்சர். மலைப்பாதை முடிகிற இடத்தில் பஞ்சர்க்கடை வைத்திருக்கும் சுப்பிரமணியிடம் தள்ளிக்கொண்டு போனாள். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை.

“அப்பா எப்பிடி இருக்காரும்மா? சட்டையில்லாம வந்து என்னைத் தெரியுதான்னாரு. எனக்கா தெரியாது? உங்க நடையே காட்டிக் குடுக்குதே சார்னேன். மூஞ்சி வாடிப் போச்சி மனுசனுக்கு. நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?”

“வியாழக்கிழமையா, அண்ணே? பௌர்ணமி அன்னைக்கா?”

“பௌர்ணமிக்கு ஏது நமக்குக் கடை? பௌர்ணமி முடிஞ்சி சனிக்கிழமைம்மா. உங்க ஆபீஸ்ல கரண்டைப் புடுங்கிட்டாங்க, கம்ப்ரசர் ஓடல, கையால அடிக்கிறேன் சார்னேன். நல்லா ஞாபகம் இருக்குது.”

அவள் வீட்டுக்கு வந்து மின்வாரிய அறிவிப்பைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை, உடம்பு கிடைத்த அதே சனிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை. வியாழக்கிழமை தடை எதுவும் இல்லை. நோட்டில் ஏழு மணிக்குக் கீழே இருந்த வரி காலியாகவே இருந்தது. பேனாவை எடுத்தாள். எழுதாமல் மூடிவைத்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் அத்தை வரவில்லை. மத்தியானம், வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, மதிவதனி அவளுக்குப் போன் செய்தாள்.

“காரியமெல்லாம் முடிஞ்சிடுச்சா?” சந்திரம்மாள் கோபமில்லாமல் கேட்டாள். “எவனோ ஒருத்தனுக்கு நல்லபடியா செஞ்சீங்க. புண்ணியம்தான். நான் தெனம் அவனுக்கு ஒரு தட்டு எடுத்து வெக்கிறேன் கண்ணு. புகழேந்தி திட்டறான்.”

“அத்தை, வேணாம் அத்தை. அவரு வர மாட்டாரு.”

“வரேன்னு சொன்னவன் வராம எங்க போவான்?”

“எப்ப சொன்னாரு?”

“பௌர்ணமிக்கு முந்தின நாளு. விளக்கு வெச்ச நேரம் போன் பண்ணான். மலை சுத்திட்டு ஊட்டுக்குப் போவல, அப்பிடியே பஸ் ஏறி உன்னாண்ட வரேங்க்கா, ஒம்போது மணிக்குள்ள வந்துடுவேன், ஒண்ணு காட்டணும்னான். இன்னாடா காட்டப் போறேன்னேன். சொன்னா நம்ப மாட்ட, நேர்ல பாருன்னான். சின்னப் புள்ளையாட்டம் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை நான் கேட்டு நாப்பது வருசமாவுது.”

புதன்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் அப்பா மாடியில் போனோடு நின்றது மதிவதனிக்குத் தெரியும். அலுவலகத்து ஆள் என்று நினைத்திருந்தாள்.

“இன்னா காட்டப் போறான்னு உனக்காச்சும் தெரியுமா பாப்பா?”

தெரியும். கீழ்பென்னாத்தூருக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லை, பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். மகளைக்கூடச் சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டு, அக்காவிடம் தானே போய்க் காட்டுவது என்று அவர் தனக்காக எடுத்து வைத்திருந்த வேலை அது. அதை முடிக்காமல் போய்விட்டார்.